வெள்ளை வயிற்றுக் கோதுமை

“வெளிநாட்டுல இருந்து கோதுமையா? அதுவும் அருப்புக்கோட்டைக்கா?”

“டியூரம் மாமா. அது தனி இனம். ரவை உடைச்சா பொன்னாட்டம் வரும். அதுல சேமியா போட்டா எவ்வளவு கொதிச்சாலும் குழையாது.”

“நம்ம சம்பா கோதுமைக்குச் சொந்தமா?”

“தூரத்துச் சொந்தம்.”

“தூரத்துச் சொந்தம்னாலே வில்லங்கம்தான்த்தா. கல்யாணத்துக்கு வந்து மொத பந்தியில உக்காந்துக்கிட்டு, பிரியாணியில உப்புக் கொறச்சலும்பாக.”

மாசி மாதத்தில் ஒரு நாள், சேமியா காயும் கம்புகளுக்கு நடுவே நின்றபடி மாமனாரும் மருமகளும் பேசிக்கொண்டது இது. பேசி முடித்ததும் ஹாஜா நஜ்முதீன் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் சம்மதம் என்று அர்த்தம். ஷர்மிளா பானு அன்று மாலையே கோதுமை விற்கும் ஆஸ்திரேலியாக்காரருக்கு மெயில் அனுப்பிவிட்டாள்.

இப்போது ஆடி மாதம். திருச்சுழி ரோட்டில் புழுதி பறந்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை, அந்தத் தூரத்துச் சொந்தம் தூத்துக்குடியில் இறங்கி வில்லங்கத்தைத் தொடங்கியது.

“மேடம், லோடை நிப்பாட்டிட்டாங்க” என்றார் போனில் இன்பராஜ். துறைமுகத்தில் இவர்களுக்காக கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் ஏஜென்ட்.

“எதுக்கு சார்?”

“ஃபைல்ல ரெண்டு பேப்பர் இருக்கு. அனுப்புனவங்க பேப்பர்ல ரெண்டாம் தரம்னு இருக்கு. நீங்க மதுரையில டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட்ல முதல் தரம்னு இருக்கு. கண்டெய்னரைத் திறந்து பாத்தா ரெண்டாம் தரம்தான் வருது. அப்ப நீங்க டெஸ்ட் பண்ணினது எந்தக் கோதுமைன்னு கேக்குறாங்க.”

“அதே கோதுமைதான் சார்!”

“நான் அப்பவே சொன்னேன், உங்க ரிப்போர்ட்டை உள்ள வைக்க வேண்டாம்னு. கேட்டாத்தான் குடுக்கணும். நீங்க பெருமைக்கு வச்சீங்க. இப்ப சாதாக் கோதுமை கலந்திருக்குமோன்னு சந்தேகப்படுறாங்க. போட்டோ அனுப்பிருக்கேன், பாருங்க. முடிஞ்சா மத்தியானத்துக்குள்ள நேர்ல வாங்க.”

ஷர்மிளா போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். இந்தக் கோதுமைக்கு வரி இல்லை. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள். வந்தது டியூரமாகவே இருக்க வேண்டும். அதில் செய்த சேமியா மறுபடி வெளிநாட்டுக்கே போக வேண்டும். சாதாக் கோதுமை என்று வகைப்படுத்திவிட்டால் முழு வரி. வாரத்தில் பாதி நாள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன சேமியா மில் அதைத் தாங்காது.

மில் ஓடுவது மட்டும் அவள் கவலை என்றால் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். கணவன் இலியாஸ் சவூதியில் தம்மாமில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது இரண்டே இரண்டு லீவு. அவனுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம். கோதுமை வந்து, மெஷின் வாரம் முழுக்க ஓடி, முதல் லோடு சேமியா கப்பலேறட்டும், அப்புறம் அவனை ஊரோடு வந்துவிடச் சொல்லிக் கேட்போம் என்று அவள் அந்த வார்த்தையை உள்ளேயே வைத்திருந்தாள். வெறுங்கையோடு கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

இன்பராஜ் அனுப்பிய படத்தைத் திறப்பதற்குள் இலியாஸின் செய்தி வந்தது.

‘இன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள சைன் பண்ணணும்ங்கிறாங்க. கோதுமை வந்துருச்சா?’

‘வந்துருச்சு. எல்லாம் நல்லபடியா இருக்கு’ என்று அவள் பதில் போட்டாள். யோசிக்கவே இல்லை. விரல்கள் தாமாகவே அடித்து அனுப்பிவிட்டன.

*

அடுப்படியில் மாமியார் ரஹ்மத் நிஷா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மருமகள் முகத்தைப் பார்த்ததுமே கை நின்றுவிட்டது.

“என்னத்தா? யாரு போனு?”

“தூத்துக்குடி மாமி. கோதுமை தரம் சரியில்லையாம். இந்த ஆஸ்திரேலியாக்காரன் சாம்பிள் ஒண்ணு அனுப்பிட்டு, லோடுல வேற ஒண்ண ஏத்திட்டான். பாருங்க.”

படத்தில் ஒரு பலகைமேல் கோதுமை மணிகள் குறுக்காக வெட்டி அடுக்கப்பட்டிருந்தன. சில மணிகள் உள்ளே கண்ணாடிபோல மின்னின. சில மணிகள் நடுவில் மாவு பாய்ந்து வெள்ளையாக இருந்தன. வெள்ளை கூடக்கூடத் தரம் இறங்கும் என்பதுதான் விதி.

ரஹ்மத் நிஷா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இந்த வெள்ளை வயித்துக் கோதுமை இன்னுமா இருக்கு? நான்தான் எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டேனே!”

“எதை மாமி எடுத்தீங்க?”

“அன்னைக்கு ஒரு பையில வந்துச்சே. மதுரையில டெஸ்ட்டுக்குக் குடுக்கணும்னு மேசை மேல வச்சுட்டு நீ உங்கம்மா வீட்டுக்குக் காரியாபட்டிக்குப் போயிட்டே. பிரிச்சுப் பாத்தேன். ஒரே தூசி. அங்கங்க வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. பெரிய எடத்துக்குப் போற தானியம், இப்பிடியே குடுத்தா நம்மள என்ன நெனப்பாகன்னு, சொளகுல போட்டுப் புடைச்சு, வெள்ளையையெல்லாம் பொறுக்கிட்டு, மறுபடி பையில போட்டுக் கட்டி வச்சேன். ஒரு சாயங்காலம் முழுக்க அதே வேலை. கண்ணே போயிருச்சு.”

ஷர்மிளா அப்படியே அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“பொறுக்கினத என்ன செஞ்சீங்க?”

“கோழிக்குப் போட்டேன்.”

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஹாஜா நஜ்முதீன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். பேப்பரை இறக்காமலே சொன்னார்.

“கஸ்டம்ஸ் ஆபீசர் கேட்டா கோழியத்தான் கூட்டிட்டுப் போகணும். அதுதான் சாட்சி.”

“இவுக வேற!” என்றாள் ரஹ்மத் நிஷா. அதற்குள் அவளுக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது புரிந்துவிட்டது. “ஏத்தா பானு, நான் என்னமும் கெடுத்துட்டேனா?”

ஷர்மிளாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் எதிரே நிற்பவளின் கைவிரல்களில் இடியாப்ப மாவு ஒட்டியிருந்தது. கண்கள் அதற்குள் சிவந்துவிட்டன. கத்த முடியவில்லை.

“இல்ல மாமி. போய்ச் சொல்லிட்டா சரியாயிரும். நானும் மாமாவும் போயிட்டு வந்துர்றோம்.”

“நானும் வாரேன்.”

“நீ எதுக்கு? அங்க எதையாவது பொறுக்குறதுக்கா?” என்றார் ஹாஜா நஜ்முதீன்.

“வாரேன்னா வாரேன்” என்றாள் ரஹ்மத் நிஷா. இடியாப்ப மாவை ஈரத்துணியால் மூடிவைத்துவிட்டுப் புர்காவை எடுத்துக்கொண்டாள்.

*

கார் பந்தல்குடியைத் தாண்டியது. இரண்டு பக்கமும் கரிசல் காடு உழுது போட்டபடி மழைக்குக் காத்துக்கிடந்தது. ஹாஜா நஜ்முதீன் கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கேட்டால் வலி இல்லை என்பார். அதனால் ஷர்மிளா கேட்கவில்லை.

எட்டயபுரம் வந்ததும் அவரால் வாயை அடக்க முடியவில்லை.

“சரக்குக்கு மேக்கப் போட்டு அனுப்பியிருக்கா எம் பொண்டாட்டி. நாப்பது வருசமா மில்லு நடத்துறேன், எனக்கு இந்த யோசனை வந்ததே இல்ல.”

“ஆமா, ஒங்க சேமியாவுல தூசி இருந்தப்பவும் வரல” என்றாள் பின்சீட்டிலிருந்து ரஹ்மத் நிஷா.

“அது எப்ப?”

“எப்பன்னு கேளுங்க! நம்ம கல்யாணத்துக்கு மறு பெருநாளு. ஒங்களப் பெத்த அத்தா பாயசத்துல சாக்கு நூலைக் கண்டுபிடிச்சாரா இல்லையா?”

ஹாஜா நஜ்முதீன் ஹாரனை அடித்தார். முன்னால் வண்டி எதுவும் இல்லை. ஷர்மிளா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வந்த முதல் சிரிப்பு.

*

இன்பராஜ் தன் ஆபீஸ் வாசலிலேயே நின்றிருந்தார். மூன்று பேரையும் உட்காரவைத்து டீ சொன்னார். முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“மேடம், உண்மைதான். ஆனா இதை எழுதிக் குடுத்தா நம்புவாங்களா? மாமியார் பொறுக்கினாங்கன்னு நான் எந்த ஃபைல்லயும் பாத்ததில்ல. பேசாம மதுரை லேப்ல சாம்பிள் மாறிப்போச்சுன்னு எழுதிருவோம். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

அரை நிமிஷம் ஷர்மிளாவுக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. லேபில் வேலை பார்க்கும் பெண் நினைவுக்கு வந்தாள். பையை வாங்கி முத்திரை குத்தி, ‘அழகான கோதுமை மேடம்’ என்று சொன்னவள்.

“வேண்டாம் சார். அவங்க சரியாத்தான் செஞ்சாங்க. எங்க வீட்டுல நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.”

எழுதினாள். ‘என் கவனக்குறைவால் சாம்பிள் சுத்தம் செய்யப்பட்டுவிட்டது’ என்று முடித்து, மாமியாரிடம் படித்துக் காட்டினாள்.

“ஒன் கவனக்குறைவு எங்க இருந்து வந்துச்சு? நீதான் ஊர்லயே இல்லையே. எம் பேரைப் போடு.”

“மாமி, விசாரிப்பாங்க.”

“விசாரிக்கட்டும். ரஹ்மத் நிஷா, ஹாஜா நஜ்முதீன் மனைவின்னு போடு. அவுக பேரும் கொஞ்சம் மாட்டட்டும்.”

கண்டெய்னர்கள் நிற்கும் யார்டு வெயிலில் தகர வீடுபோலக் கொதித்தது. கஸ்டம்ஸ் ஆபீசர் சுகப்பிரியாவுக்கு ஷர்மிளா வயதுதான் இருக்கும். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே கடிதத்தைப் படித்தார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

“இதுல இருக்கிற ரஹ்மத் நிஷா யாரு?”

“நான்தாங்க.”

“எதுக்கும்மா பொறுக்குனீங்க?”

“பொண்ணு பாக்க வாராகன்னா, பிள்ளைக்கு முகம் கழுவி விட மாட்டமாங்க?”

பக்கத்தில் நின்ற இன்பராஜுக்கு இருமல் வந்துவிட்டது. சுகப்பிரியா சிரிப்பை உதட்டோடு நிறுத்திக்கொண்டார்.

“எங்களுக்கு முகம் கழுவாத பிள்ளைதாம்மா வேணும். நீங்க நல்லதை மட்டும் பொறுக்கிக் குடுத்தா நாங்க என்ன முடிவு எடுக்க முடியும்? உள்ளது உள்ளபடி வந்தாத்தானே எது என்னன்னு தெரியும்?”

“தெரியாமப் போச்சுங்க. எம் மருமக மேல தப்பு இல்ல. அவ சட்டமெல்லாம் படிச்சுப் படிச்சுத்தான் செஞ்சா.”

ஆட்கள் கண்டெய்னரைத் திறந்து, முன்வரிசை, நடுவரிசை, அடிவரிசை என்று மூட்டைகளில் குத்தூசியைச் செருகிக் கோதுமையை உருவினார்கள். சுகப்பிரியா ஒரு கைப்பிடியைப் பலகையில் பரப்பி வெட்டச் சொன்னார். பொன் நிற மணிகளுக்கு நடுவே வெள்ளை வயிறுகள் தெரிந்தன. ரஹ்மத் நிஷாவின் விரல்கள் தாமாக முன்னால் போயின. ஹாஜா நஜ்முதீன் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். இறக்கியவர் விடவில்லை. அந்த வெயிலில் பிடித்தபடியே நின்றார்.

“வெள்ளையா இருக்கிறதும் டியூரம் மாதிரித்தான் தெரியுது” என்றார் சுகப்பிரியா. “மணி நீளம், முதுகு எல்லாம் அதேதான். ஆனா நான் கண்ணால பாத்துச் சொன்னாப் போதாது. எங்க லேப்ல இருந்து திங்கட்கிழமை ரிப்போர்ட் வரும். டியூரம்னு வந்துட்டா லோடை எடுத்துட்டுப் போகலாம். கலப்புன்னு வந்தா சட்டத்துல எழுதினபடி முழு வரிதான். அதுவரைக்கும் என்கிட்ட எதுவும் கேக்காதீங்க.”

“தரம்?” என்று ஷர்மிளா கேட்டாள்.

“ரெண்டாம் தரம்தான். அதை யாராலயும் முதல் தரமா ஆக்க முடியாது.”

அதுதான் இன்னொரு முள். சேமியாவுக்கு ஆர்டர் கொடுத்த ரியாத் கடைக்காரருக்கு அவள் முதல் தரம் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். யார்டிலிருந்து வெளியே நடக்கும்போதே அவருக்கு இரண்டு வரி அனுப்பினாள்: கோதுமை இரண்டாம் தரம், சம்மதமா? பதில் வரவில்லை.

*

பிற்பகல் அஸர் தொழுகைக்காக ஹாஜா நஜ்முதீன் பள்ளிவாசலுக்குள் போனார். படியேறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். வாசலில் வேப்பமரத்தடியில் கார் நின்றது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இவுகளுக்கு ராத்திரியெல்லாம் கால் வலி” என்றாள் ரஹ்மத் நிஷா. “தைலம் தேச்சு விடுறேன். இலியாசு போன்ல கேட்டா, நல்லாருக்காகன்னு சொல்லிருவேன். தூரத்துல இருக்கிற பிள்ளை, எதுக்கு வருத்தப்படணும்?”

ஷர்மிளா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மெஷின் பாதி நாள் சும்மா கிடப்பதை அவளும் அவனிடம் சொன்னதில்லை. போன மாதம் காய்ச்சலில் கிடந்ததைச் சொன்னதில்லை. நோன்புப் பெருநாள் அன்று புதுச்சேலையோடு கதவைச் சாத்திக்கொண்டு அழுததைச் சொன்னதே இல்லை. மூன்று வருஷமாகத் தினமும் ஒரு சொளகு நிறையப் புடைத்து, நல்ல மணியாகப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்கு அனுப்பியிருக்கிறாள். காலையில்கூட ஒன்று அனுப்பினாள்.

போன் அடித்தது. இலியாஸ்.

“பானு, பேப்பர் மேசை மேல இருக்கு. எச்.ஆர். ரெண்டு தடவை வந்து பாத்துட்டான். போட்டுறவா?”

அவள் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

“நான் யோசிச்சேன். நான் இல்லாட்டாலும் அங்க எல்லாம் நல்லாத்தானே ஓடுது? அத்தாவுக்கு நீ இருக்கே. கோதுமையே கொண்டாந்து இறக்கிட்டே. நான் வந்து அங்க என்ன கிழிக்கப்போறேன்? உன் ஸ்டோர்ல சாக்கு எண்ணலாம்.” சிரித்தான். அந்தச் சிரிப்பு முழுசாக இல்லை என்பது இன்றுதான் அவள் காதில் விழுந்தது.

“கோதுமை இறங்கல” என்றாள் ஷர்மிளா.

“என்னது? காலையிலதானே வந்துருச்சுன்னே?”

“பொய் சொன்னேன். தூத்துக்குடியில நிக்குது. வருமா வராதான்னு திங்கட்கிழமைதான் தெரியும். வந்தாலும் ரெண்டாம் தரம். கடைக்காரர் வாங்குவாரான்னு தெரியல.”

“பானு…”

“இருங்க, சொல்லிர்றேன். மில்லு வாரத்துல பாதி நாள்தான் ஓடுது. மாமாவுக்கு முழங்கால் போயிருச்சு. மாமி தைலம் தேய்க்கிறாங்க. போன மாசம் எனக்குக் காய்ச்சல்னு உங்ககிட்ட சொல்லல. பெருநாள் அன்னைக்கு நான் சிரிச்சுக்கிட்டே ஒரு போட்டோ அனுப்புனேன் பாருங்க, அதுக்கு முன்னாடி அழுதுட்டுத்தான் அனுப்புனேன். இங்க எதுவும் முழுசா நல்லா இல்லைங்க. எல்லாம் கொஞ்சம் நல்லாருக்கு, கொஞ்சம் நல்லால்ல.”

பின்சீட்டில் ரஹ்மத் நிஷா முன்னால் சாய்ந்தாள். தம்மாமில் ஏதோ ஒரு ஏசி ஓடும் இரைச்சல் போனில் கேட்டது.

“இதையெல்லாம் யாரு சொல்லச் சொன்னது?” என்றான் இலியாஸ். குரல் இறங்கியிருந்தது. “அம்மாவா? அத்தாவா?”

“அவுக யாரும் சொல்லல. நான்தான் கேக்குறேன்.”

“என்ன கேக்குறே?”

கோதுமை இல்லை, ஆர்டர் இல்லை, காட்டுவதற்குக் கையில் ஒன்றுமே இல்லை. ஷர்மிளா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கையெழுத்துப் போடாதீங்க. ஊரோட எங்கிட்ட வந்துருங்க.”